குவெக் வீட்டு வழியாக

கேலாங்கில் அந்தச் சந்து,
இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால்
ஒன்று இறங்கி நிற்க வேண்டிய அகலம்.
அதன் கடைசியில்தான் தளம் போட வேண்டும்.
மூன்று கன மீட்டர்.
ஆலைக்காரன் ஃபோனிலேயே சிரித்தான்:
"லாரி எங்கே நிக்கும், கூரை மேலேயா?"

நீள்கைப் பம்ப் யோசித்தோம்.
மேலே மழைமரம்.
ஒரு கிளை உரசினால் போதும்,
பூங்காக்காரர்களின் கடிதம் நமக்கு முன் ஆபீசுக்கு வந்துவிடும்.
மிச்சம் ஒரே வழி:
முன்தெருவில், தவளைக் கஞ்சிக் கடை வாசலில் லாரி.
அங்கிருந்து தரையோடு பதினாறு குழாய்,
மூன்று வளைவு,
நடுவில் மேடம் குவெக்கின் வீடு.

முதல் முறை கதவு திறக்கவில்லை.
இரண்டாம் முறை கம்பிக்கதவுக்குப் பின்னாலிருந்து
"உங்க தூசி என் மீன்தொட்டியிலே" என்றார்.
மூன்றாம் முறை முட்டை டார்ட் ஒரு பெட்டி.
"எத்தனை மணி நேரம்?"
"ஒண்ணு."
"பொய் சொல்லாதே."
"ரெண்டு."
கதவு திறந்தது.

காங்கிரீட்டுக்கு ஜாதகம் உண்டு.
தண்ணீர் பட்ட நிமிடம் ரசீதில் அச்சாகி வரும்.
அன்றைக்கு 9.52.
அதிலிருந்து தொண்ணூறு நிமிடம் நம் பேச்சைக் கேட்கும்.
விரைவுச்சாலையில் ஒரு டாக்சி புகைந்து நின்றதில்
இருபத்தாறு நிமிடம்
எங்களைக் கேட்காமலே செலவானது.

கூம்பைத் தூக்கினேன்.
நூற்றைம்பது கேட்டிருந்தோம், நூற்றிருபத்தைந்து சரிந்தது.
ஓட்டுநர் பூன் ஹெங் தண்ணீர்க் குழாய் பக்கம் கை நீட்டினார்.
அந்தக் கையைப் பார்த்தேன்.
எடுத்துவிட்டார்.

சஃபிகுல் பம்பை முடுக்கினான்.
முதலில் சிமெண்டுப் பால், தொண்டை வழுக்க.
அப்புறம் அசல் சரக்கு.
கூடத்தில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே
சாக்குமேல் படுத்திருந்த குழாய்
ஒவ்வொரு தள்ளலுக்கும் அரை அங்குலம் எழுந்து உட்கார்ந்தது.
மேடம் குவெக் கால் இரண்டையும் சோபாமேல் ஏற்றிக்கொண்டு
நாடகத்தின் சத்தத்தைக் கூட்டினார்.

11.04.
அழுத்தமானி ஏறுகிறது.
தளத்தில் இளவழகன் கையில் ஹோஸ்
செத்த பாம்பு.
பாதித் தளம் சாம்பல், பாதித் தளம் வெறும் கம்பி.
நானும் மருதையனும் ஆளுக்கொரு சுத்தியலோடு
குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போனோம்.
ணங்.
ணங்.
ணங்.
அடுக்களையில், சோறு வேகும் குக்கருக்குப் பக்கத்து வளைவில்,
தொப்.

சஃபிகுல் இரண்டு முறை பின்னுக்கு இழுத்து அழுத்தம் இறக்கினான்.
பூட்டைக் கழற்றினோம்.
இரண்டு வாளிக்குக் குறையாமல்
வெள்ளைத் தரையில் கொட்டி
ஐஸ்பெட்டியின் கால்வரை போய் நின்றது.

ஹொக்கியனில் எனக்கு வசவு மட்டும்தான் தெரியும்.
அதில் எது முதலில் வரும் என்று காத்திருந்தேன்.
முறம் மாதிரி ஒன்றை எடுத்து வந்து நீட்டினார்:
"பின்வாசல் படி உடைஞ்சு நாலு வருஷம்.
வீணாக்காதே, இதை அங்கே போடு."

11.13.
மருதையன் படிக்குப் போனான்,
மற்ற எல்லாரும் தளத்துக்கு.
11.21க்கு டிரம் காலி.
கிழக்கு மூலையில் இரண்டு வாளி பள்ளம்.
பம்பின் தொட்டிக்குள் பாதி உடம்பை இறக்கி
சஃபிகுல் அடிமண்டியைச் சுரண்டிக் கொடுத்தான்.
"ஏன் குறைஞ்சது?" என்றார் என்ஜினியர்.
"குழாயிலே தங்கிடுச்சு" என்று எழுதினேன்.

இருபத்தெட்டாம் நாள்
கட்டிகளை ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்து
தேறியது என்று தாள் வந்தது.
படிக்குத் தாள் கிடையாது.
சாக்குகளை வாங்கிவரப் போனபோது பார்த்தேன்:
அதன்மேல்
கழுவிக் கவிழ்த்த மீன்தொட்டி வெயிலில்.
பக்கத்தில் எங்கள் கம்பெனி பெயர் போட்ட வாளி,
உள்ளே ஐந்து மீன்.

வாளியைத் திருப்பிக் கேட்கவில்லை.